குதிரையில் ஏற்றினால் பிள்ளை நடக்குமா?

கேள்வி, 2023 ஜூன் 9

என் மகனுக்கு ஐந்து வயது. பெருமூளை வாதம், செரிப்ரல் பால்சி என்கிறார்கள். தூக்கி நிறுத்தினால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றன. ஒரு தோட்டத்தில் குதிரையில் ஏற்றி மூன்றே மாதத்தில் நடக்க வைப்பதாகச் சொல்கிறார்கள். முன்பணம் கேட்கிறார்கள். நாங்கள் சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அக்கா ஒருவர் தம் மகளைக் குதிரைக்கு அழைத்துப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னால் நம்புவேன்.

2023 ஜூன் 9, இரவு

அந்த அக்கா நான்தான். முன்பணம் கட்டாதீர்கள் தம்பி. இத்தனை மாதத்தில் நடக்க வைக்கிறேன் என்று நாள் குறிப்பவர், குதிரை வைத்திருந்தாலும் சரி, எண்ணெய் வைத்திருந்தாலும் சரி, அவர் கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

என் மகளுக்கு எட்டு வயது. அதே வாதம், இரண்டு கால்களிலும் இறுக்கம். பதினான்கு மாதமாக ஞாயிறுதோறும் குதிரை ஏறுகிறாள். இன்றும் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். ஆனாலும் நான் விடவில்லை. காரணத்தை நாளை எழுதுகிறேன். பாப்பாவைத் தூங்க வைக்க வேண்டும்.

2023 ஜூன் 10

குதிரை என் மகளுக்குக் கொடுத்தது உட்காரும் பலம்.

கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஏழு வயது வரை அவள் ஸ்டூலில் உட்கார்ந்தால் இரண்டு கைகளும் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கையை எடுத்தால் அரிசி மூட்டை சாய்வது போலச் சாய்வாள். அதனால் பென்சில் பிடிக்க முடியாது, தலை சீவிக்கொள்ள முடியாது, சோற்றை நான்தான் ஊட்ட வேண்டும். குதிரை ஏறத் தொடங்கி ஐந்தாறு மாதம் இருக்கும். ஒரு காலையில் நான் அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் பேச்சே இல்லை. விழுந்துவிட்டாளோ என்று திரும்பினேன். வலது கையால் தோசையைக் கிழிக்கிறாள், இடது கை தட்டை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஸ்டூலை எந்தக் கையும் பிடிக்கவில்லை. நான் மூச்சுக் காட்டவில்லை. சத்தம் போட்டால் அவளுக்கு நினைவு வந்து மறுபடி பிடித்துக்கொள்வாளோ என்று பயம். கல்லில் இருந்த தோசை கரிந்து புகைந்தது. அவள்தான் "அம்மா, தீயுது" என்றாள்.

இது எப்படி நடக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா எனக்குச் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் திருகவும் செய்யும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு செய்வதும் இதே மூன்றுதான். தன் காலால் நடந்தே அறியாத பிள்ளையின் இடுப்புக்கு நடை என்றால் என்ன என்று குதிரை கற்றுக்கொடுக்கிறது. நிமிடத்துக்கு நூறடி என்று வைத்துக்கொண்டால் இருபது நிமிடத்தில் இரண்டாயிரம் அடி. ஒவ்வோர் அடிக்கும் பிள்ளையின் முதுகு ஒருமுறை சரிந்து ஒருமுறை நிமிர வேண்டும். மேசையில் படுக்க வைத்து இரண்டாயிரம் முறை யாரால் செய்ய முடியும்? அதோடு குதிரையின் உடம்புச் சூடு நம்மைவிட ஒரு டிகிரி கூடுதல். அந்தச் சூட்டில்தான் தொடை இறுக்கம் தளர்கிறது.

2023 ஜூன் 12

மேலே எழுதியதில் கடைசி வரி தவறு. பிசியோதெரபிஸ்ட் அம்மா படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டார். சூடு கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இறுக்கம் தளர்வதற்கு முக்கியக் காரணம் அந்த அசைவும், கால்கள் இரண்டும் அகன்று உட்காருவதும்.

2003இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். பெருமூளை வாதம் உள்ள 15 பிள்ளைகள். ஒரு பகுதியை எட்டு நிமிடம் நடக்கும் குதிரையில் உட்கார வைத்தார்கள், மற்றப் பகுதியை எட்டு நிமிடம் அசையாத பீப்பாய் மேல் கால் அகட்டி உட்கார வைத்தார்கள். குதிரையில் இருந்த பிள்ளைகளுக்கு இடது வலது தசைகள் ஒத்துப்போவது கூடியது, பீப்பாய்ப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. எட்டே நிமிடம் என்பதைக் கேட்டு நான் துள்ளினேன். "துள்ள வேண்டாம். பிள்ளைகள் பதினைந்து பேர்தான். அந்த மாற்றம் எத்தனை நாள் நிற்கும் என்பதும் தனிக் கேள்வி" என்றார்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே ஆண்டில் பாப்பாவுக்குக் கெண்டைக்கால் தசையில், இறுக்கம் தளர, போடாக்ஸ் ஊசி போட்டோம். தினமும் நாற்பது நிமிடம் நான் காலை நீட்டி விடுகிறேன். பகலில் காலுக்குப் பிளாஸ்டிக் பட்டை போடுகிறோம். அந்தத் தோசைக் காலையில் எதற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. குதிரைக்குப் போவதால் வீட்டுப் பயிற்சியை நிறுத்தலாம் என்று யாராவது நினைத்தால் தயவுசெய்து குதிரையை நிறுத்துங்கள்.

2023 ஜூன் 15

தம்பி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். இடுப்பு எக்ஸ்ரே. கால் பின்னிக்கொள்ளும் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல நழுவும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. தொடக்கத்தில் வலிக்காது, வெளியில் தெரியாது. அந்தத் தலையில் முப்பது சதவீதத்துக்கு மேல் கிண்ணத்துக்கு வெளியே நழுவியிருந்தால் எலும்பு மருத்துவர் கவனித்தாக வேண்டும். அந்த நிலையில் காலை அகட்டிக் குதிரையில் உட்கார வைக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். குதிரைக்காரர் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.

தன் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று எழுதிய அக்காவுக்கு: கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள். குலுங்கினால் தண்டுவடத்துக்கே ஆபத்து. கட்டுக்குள் வராத வலிப்பு, உட்காரும் இடத்தில் புண், எளிதில் முறியும் எலும்பு, முதுகு மிகவும் வளைந்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். லாயத்து மண் அது.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் அம்மா இவற்றை எழுத்தில் வாங்கிய பிறகுதான் பாப்பாவைக் குதிரையைத் தொடவே விட்டார். எக்ஸ்ரே கேட்காமல் முன்பணம் கேட்கும் இடம் எது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

2023 ஜூன் 25

"நீங்கள் எப்படி நல்ல இடம் கண்டுபிடித்தீர்கள்" என்று கேட்கிறார்கள். முதலில் கெட்ட இடத்துக்குத்தான் போனேன்.

சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வட்டம் அடிக்கும் இடம். பெயர் வேண்டாம். பாப்பாவுக்கு அப்போது ஆறரை வயது. ஹெல்மெட் இல்லை. கூட நடக்க ஆள் இல்லை. அவள் சாய்கிறாள் என்று அங்கிருந்த பையன் ஒரு துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சேணத்தோடு கட்டினான். நல்ல மனதோடுதான் கட்டினான். நானும் பாதுகாப்பு என்று நினைத்து முடிச்சை இன்னும் இறுக்கச் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

பிள்ளையைக் குதிரையோடு எதைக் கொண்டும் கட்டக் கூடாது என்பது பின்னால்தான் தெரிந்தது. குதிரை மிரண்டு ஓடினாலோ காலிடறி விழுந்தாலோ பிள்ளையை ஒரு நொடியில் இறக்கிவிட முடிய வேண்டும். கட்டிய பிள்ளை குதிரையோடு போகும், குதிரைக்கு அடியில் போகும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு நான் காரணம் இல்லை. அந்த முடிச்சு இப்போதும் கண்ணில் நிற்கிறது, பச்சைக் கரை போட்ட துண்டு.

இப்போது போகும் இடம் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஒரு தென்னந்தோப்பு. ஏறுவதற்குச் சாய்தளம் வைத்த மேடை உண்டு, வாக்கரோடு அதில் நடந்து போய்க் குதிரையின் முதுகு உயரத்திலிருந்தே உட்காரலாம். சேணம் கிடையாது. கனத்த விரிப்பும், முன்னால் பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடி வைத்த தோல்வாரும் மட்டும். காலை ஊன்ற அங்கவடி வேண்டிய பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் ரப்பர் வளையம் வைத்தது, கால் சிக்கினால் ரப்பர் கழன்றுவிடும். கயிறு பிடிக்க பாய் ஒருவர். அவர் பிள்ளையைப் பார்க்க மாட்டார், குதிரையை மட்டும்தான் பார்ப்பார். இரண்டு பக்கமும் இருவர் நடப்பார்கள், பிள்ளையின் தொடைக்கு மேல் கையைப் போட்டபடி. பிசியோதெரபிஸ்ட் அம்மா பின்னால் நடந்து முதுகைப் பார்ப்பார். ஒரு பிள்ளைக்கு நான்கு பேர். இருபது நிமிடத்துக்கு 600 ரூபாய் என்றதும் முதலில் எனக்கும் கசந்தது. ஆட்களை எண்ணிப் பார்த்த பிறகு கசப்பு போய்விட்டது.

2023 ஜூலை 9

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. இன்று தோப்பில் நிற்க முடியவில்லை. குதிரைக்கு இரண்டடி தள்ளி ஒரு மட்டை விழுந்தது. மல்லி பக்கவாட்டில் ஒரு தாவல் தாவிவிட்டு அப்படியே நின்றாள். மல்லிதான் எங்கள் குதிரை, பதினான்கு வயதுப் பெண்குதிரை. இரண்டு பக்கமும் கை இருந்ததால் பாப்பா அசையவே இல்லை. இறக்கிவிட்டார்கள். காற்று அடங்கும் வரை ஆடி முழுக்கத் தோப்புக்குள் வேண்டாம், வெட்டவெளியில் நடத்தலாம் என்று முடிவு. பாப்பா வழியெல்லாம் "மல்லி குதித்தாள்" என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்டக்டரிடம் மலையாளத்தில் ஒருமுறை.

2023 ஜூலை 20

ஊட்டியில் ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரைகள் மலிவாகக் கிடைக்கும், நான்கைந்து பெற்றோர் சேர்ந்து ஒன்று வாங்கினால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆசையைப் புரிந்துகொள்கிறேன். எனக்கும் அந்த ஆசை வந்தது. பாயிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பாப்பாவின் தொடையைக் காட்டினார்.

யோசித்துப் பாருங்கள். சவாரி பழகிய குதிரைக்கு இரண்டு பக்கமும் காலால் அழுத்தினால் என்ன அர்த்தம்? ஓடு என்று அர்த்தம். நம் பிள்ளைகளின் கால்கள் தாமாகவே அழுத்துகின்றன. பயந்தால் இன்னும் அழுத்துகின்றன. பிள்ளை பயப்படுகிறது, குதிரை வேகம் எடுக்கிறது, பிள்ளை மேலும் பயந்து மேலும் இறுக்குகிறது. அந்த அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் இருக்க மல்லியைப் பழக்க எட்டு மாதம் ஆனதாம். வீல்சேர் உருளும் சத்தம், பிள்ளைகளின் திடீர்க் கத்தல், முகத்துக்கு நேரே பறக்கும் பந்து, எல்லாவற்றுக்கும் பழக்கியிருக்கிறார்கள்.

அகலமும் உண்டு. தொடை இறுகிய பிள்ளையை முதல் நாளே அகன்ற முதுகுக் குதிரையில் வைத்தால் இடுப்பு வலிக்கும். ஒடுங்கிய முதுகில் தொடங்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 18

அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைச் சந்தைக்குப் பாய் போய்விட்டு வந்தார். ஆடியில் அங்கே கூடும் குதிரைகளைப் பார்க்கவே தனியாகப் போகலாம். காது நுனிகள் இரண்டும் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிகள், கத்தியவாரிகள், தரையில் கால் நிற்காத ஆட்டக் குதிரைகள். பாய் மூன்று நாள் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார். "எல்லாம் அழகு அம்மா. நமக்குத் தூங்குமூஞ்சி வேண்டும்" என்றார்.

போன மாதம் பந்தயக் குதிரையே கூடாது என்பது போல எழுதியிருந்தேன். பாய் அதைக் கொஞ்சம் திருத்தச் சொன்னார். இனம் பெரிதல்ல, குணமும் பழக்கமும்தான் என்கிறார். ஓடி முடித்த குதிரைகளிலும் சாதுவானவை உண்டு. ஆனால் பழக்கத் தெரிந்தவர் வேண்டும், பொறுமையாகக் காலம் கொடுக்க வேண்டும். நான்கைந்து பெற்றோரால் அது ஆகாது. அதில் என் கருத்து மாறவில்லை.

2023 செப்டம்பர் 3

ஓணத்துக்கு வந்த உறவினர் ஒருவர் பாப்பா காதுபடவே "இந்தக் காலை வைத்துக்கொண்டு குதிரை எதற்கு" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதிவைக்கிறேன். லிஸ் ஹார்டெல் என்று டென்மார்க்கில் ஒரு பெண். 1944இல் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவே இல்லை. குதிரையில் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் அதே காலோடு ஆண்களோடு போட்டியிட்டுக் குதிரையேற்றத்தில் தங்கம் வென்றார். பெண்கள் அந்தப் போட்டியில் கலந்துகொண்டதே அந்த ஆண்டுதான் முதல்முறை. ஐரோப்பாவில் இந்தப் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றலாம் என்று பலருக்கும் தோன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

2023 செப்டம்பர் 4

தங்கம் இல்லை, வெள்ளி. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. தங்கம் வென்ற சுவீடன்காரர் ஹென்றி சான் சிர்தான் அவருக்குக் கை கொடுத்துப் பதக்க மேடையில் ஏற்றியிருக்கிறார். 1956இல் மறுபடியும் வெள்ளி. பாப்பாவிடமும் திருத்திச் சொன்னேன். "வெள்ளியே போதும்" என்றாள்.

2023 அக்டோபர் 8

ஆட்டிசம் உள்ள பையனைப் பற்றிக் கேட்டவருக்கு. எனக்கு அந்த அனுபவம் இல்லை, தோப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் நான்கு வாரம் மேடைப் பக்கமே வரவில்லை. முதல் வாரம் வேலிக்கு வெளியே. இரண்டாம் வாரம் வேலிக்குள். மூன்றாம் வாரம் மல்லியின் வால் பக்கம் போகப் பார்த்தான், தடுத்துத் தோள் பக்கம் கொண்டுவந்தார்கள். நான்காம் வாரம் கையில் பிரஷ் கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கீழே ஒரே திசையில் தேய்த்தான், ஒரு மணி நேரம். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே வேலையில் அவன் அவ்வளவு நேரம் நின்றதே இல்லையாம்.

அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 6 முதல் 16 வயது வரை ஆட்டிசம் உள்ள 127 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பத்து வாரம் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழு குதிரை ஏறியது. மற்றது அதே லாயச் சூழலில் குதிரை இல்லாமல் குதிரையைப் பற்றிக் கற்றது. ஏறிய குழுவில் எரிச்சலும் பரபரப்பும் கூடுதலாகக் குறைந்தன. ஆட்டிசம் குணமானதாக அவர்கள் சொல்லவில்லை. உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2023 நவம்பர் 12

இந்தக் கேள்வியைத் தொடங்கிய தம்பி இன்று போன் செய்தார். மகனுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டார். இடது பக்கம் நாற்பது சதவீதத்துக்கு மேல் நழுவியிருக்கிறது. அறுவை சிகிச்சை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் நன்றி சொன்னார். எனக்கு அந்த நன்றியை வாங்கிக்கொள்ள முடியவில்லை. நல்ல சேதி கேட்கத்தான் அவர் ஜூனில் வந்தார்.

தம்பி, குதிரை எங்கும் போகாது. முதலில் இடுப்பு.

2023 டிசம்பர் 17

பாப்பாவுக்குப் பேச்சும் தெளிவில்லை. வீட்டில் எங்களுக்குப் புரியும். மாதக் கணக்காகப் பாய் ஒரு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. பாப்பா உட்கார்ந்ததும் கயிற்றை இழுக்க மாட்டார். அவள் "போ" என்று சொல்லும் வரை மல்லி நிற்கும். முணுமுணுத்தால் நகராது. மூச்சை இழுத்து, முதுகை நிமிர்த்தி, வாயைக் குவித்துச் சொன்னால்தான் நகரும். ஆரம்பத்தில் அரை நிமிடம் ஆகும். இன்று நான் செருப்பைக் கழற்றி முடிக்கும் முன் சத்தமாக "போ!" மல்லி கிளம்பிவிட்டாள். போ என்றால் மலையாளத்திலும் போதான் என்பது அவளுக்குப் பெரிய மகிழ்ச்சி. இப்போது வீட்டுக் கோழி, பக்கத்து வீட்டு நாய், அவள் அப்பாவின் ஸ்கூட்டர், எல்லாம் அவள் சொன்னால்தான் போக வேண்டும்.

2024 ஏப்ரல் 21

மல்லிக்கு இரண்டு வாரம் ஓய்வு. லாடம் அடித்ததில் முன்னங்குளம்பு நொந்திருக்கிறது. சில பெற்றோர் வேறு குதிரையில் ஏற்றச் சொல்லிச் சண்டை போட்டார்கள். நொண்டும் குதிரையில் நடை சமமாக இருக்காது, அந்தச் சமமில்லாத அசைவுதான் பிள்ளைக்குள் இறங்கும். மற்றக் குதிரைக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பிள்ளைதான் என்று அளவு உண்டு. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நிற்கும் குதிரை எரிச்சலில் இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கே தெரிகிறது, நமக்குத் தெரிய வேண்டாமா? நாங்கள் சும்மா போய் மல்லியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

2025 ஜனவரி 19

தம்பியின் மகன் இன்று வந்தான். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைத் தம்பி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். சாய்தளத்தில் தூக்கிக்கொண்டுதான் போனோம். உட்கார வைத்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது, கால் இரண்டும் இறுகின. மல்லி அசையவில்லை. என் மகள் கீழே வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டு, "போ சொல்லு, அவள் காத்திருக்கிறாள்" என்றாள். அவன் சொல்லவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டுப் பிடரி மயிரைத் தொட்டான். பாய் அவசரப்படவில்லை. ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினான். இன்றைக்கு அவ்வளவு போதும் என்றார் பிசியோதெரபிஸ்ட் அம்மா.

தம்பி, அடுத்த ஞாயிறு உங்களுக்கு எட்டரை மணி, எங்களுக்கு ஒன்பது. கொள்ளு நான் ஊற வைத்துக் கொண்டுவருகிறேன். நீங்கள் கேரட் மட்டும் வாங்கி வாருங்கள், நீளவாக்கில் நறுக்கியது. வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும்.